சாங்டே நமக்குப் போதுமான விங்கர்தானா?

12 ஜனவரி 2021

"லாலியன்சுவாலா சாங்டே நமக்குப் போதுமான விங்கரா (ஓரமாக ஓடி ஆடுகிற முன்கள ஆட்டக்காரனா), இல்லை வேகமாக ஓடத் தெரிந்த பையன் மட்டும்தானா? இந்த சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டு, கோல் போடத் தெரிந்த ஒருவனைப் பார்க்கலாம்" என்று நம் சென்னையின் எஃப்சி ரசிகர் நண்பர் ஒருவர் நேற்று கேட்டிருந்தார். கீழே பதினைந்து பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பையனுக்கு 23 வயது. போன சீசனில் நம்மைக் கோவாவில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல் வரை கொண்டுபோனவர்களில் ஒருவன். நம் ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல், சரி. ஆனால் சாங்டே போட்ட 7 கோலை எல்லாரும் இப்படி மறந்துவிடலாமா? 2020 பிப்ரவரி 29 அன்று பெரியமேட்டில், நம் சொந்த மைதானத்தில், அரையிறுதியின் முதல் மேட்சில் கோவாவை 4-1 என்று அடித்தோமே, அதில் ஒன்று அவனுடையது. அடுத்த வாரம் கோவாவில் 4-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பித்தோம். அங்கே நாம் போட்ட இரண்டில் ஒன்றும் அவனுடையதுதான். ஒரு வருடம்கூட ஆகவில்லை.

12 ஜனவரி 2021, இரவு

"அது போன வருஷக் கதை, இந்த வருஷம் எத்தனை வாய்ப்பை வீணாக்கினான் என்று பார்த்தீர்களா" என்று கேட்கிறார்கள். பார்த்தேன். டிவி முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிசம்பர் 26 அன்று ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக 13ஆவது நிமிடமே கோல் போட்டவனும் அவன்தான், அதையும் சேர்த்துப் பாருங்கள். மேட்ச் 2-2 என்று முடிந்தது, இரண்டு முறை முன்னிலை எடுத்து இரண்டு முறையும் விட்டோம். அதற்கும் இடப்பக்க விங்கர்தான் காரணமா?

14 ஜனவரி 2021

ஒரு திருத்தம். வேறொரு இடத்தில் பேசும்போது போன சீசனில் நாம் முதல் ஐந்து மேட்சில் கோலே போடவில்லை என்று சொல்லிவிட்டேன். நான்கு மேட்ச்தான். ஐந்தாவது ஹைதராபாத், 2-1. அந்த மேட்சின் மூன்று கோலும் 90 நிமிடம் தாண்டி இஞ்சுரி டைமில் விழுந்தவை. அன்றைக்கு ஸ்டாண்டில் பாதிப் பேர் எழுந்து சென்ட்ரல் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தவர்களை நான் பார்த்தேன்.

அந்த ஜெயிப்புக்கு அப்புறம்தான் கோச் ஜான் கிரிகரி விலகினார், அவர் இடத்துக்கு ஓவன் காயில் வந்தார். கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. காயில் வந்ததும் செய்த முக்கியமான மாற்றம், பந்து நம்மிடம் வந்த அடுத்த நொடியே முன்னால் போக வேண்டும் என்றது. நம் நடுக்கள ஆள் கிரிவெல்லாரோ பந்தை வாங்கித் திரும்புவார், திரும்பும்போதே சாங்டே எதிரணி ஃபுல்பேக்கின் (ஓரத்தில் தடுத்து ஆடுகிறவரின்) தோளைத் தாண்டி ஓட ஆரம்பித்திருப்பான். பந்து அவன் காலுக்கு வராது, அவன் போகப்போகிற இடத்துக்கு வரும். வேகத்தை நம்பி ஆடுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இப்போது பாருங்கள். காயில் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார், வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு. கிரிவெல்லாரோ காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். பந்து மெதுவாக வருகிறது. சாங்டேவிடம் வந்து சேரும்போது எதிரணி எட்டுப் பேர் பின்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். ஓடுவதற்கு இடம் இல்லாத இடத்தில் ஓட்டக்காரனை நிறுத்திவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்கிறோம்.

15 ஜனவரி 2021

இல்லை, நேற்று எழுதியதை நானே முழுக்க நம்பவில்லை. எட்டுப் பேருக்கு நடுவே என்பது பாதி உண்மை. கீப்பர் மட்டும் எதிரே நின்ற வாய்ப்புகளும் இருந்தன. அதற்கு காயிலும் கிரிவெல்லாரோவும் பதில் சொல்ல முடியாது. அவன் ஃபினிஷிங் இன்றைய தேதியில் சுமார்தான். ஒப்புக்கொள்கிறேன்.

19 ஜனவரி 2021

"நீங்கள் ஏன் இந்தப் பையனுக்காக இவ்வளவு வரிந்து கட்டிக்கொண்டு வருகிறீர்கள்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

நானும் இடதுகால் விங்கர். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் நான்கு சீசன் ஆடியிருக்கிறேன். கிளப் பெயர் வேண்டாம். பெரம்பூர் பக்கம் காலையில் ஆறு மணிக்குப் பயிற்சி, எட்டரைக்கு வேலை. வேகம் இருந்தது, வேறு எதுவும் பெரிதாகக் கிடையாது. இரண்டாவது சீசனில் ஒரு மேட்ச், 0-0, கடைசி பத்து நிமிடம். எங்கள் நடுக்கள ஆள் நீளமாக ஒன்று தூக்கிப் போட்டான். பாதி மைதானம் ஓடி ஃபுல்பேக்கைத் தாண்டிவிட்டேன். கீப்பர் வெளியே வருகிறார்.

டிவியில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த நொடியில் இருக்கிறது. நாற்பது மீட்டர் முழு வேகத்தில் ஓடி வந்தவனுக்கு மூச்சு தொண்டையில் நிற்கும். பந்து மண் தரையில் குதித்துக் குதித்து முழங்கால் வரை வந்து இறங்கும். அடிக்கிற காலைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை, தரையில் ஊன்றுகிற காலைத்தான் யோசிக்க வேண்டும். அது பந்துக்குப் பக்கத்தில் ஊன்றினால் பந்து தாழ்வாகப் போகும். ஓட்டத்தின் வேகத்தில் ஒரு அடி பின்னால் ஊன்றிவிட்டால் உடம்பு சாய்ந்துவிடும், பந்து வானத்துக்குப் போகும். எனக்குப் பின்னால் ஊன்றியது. பந்து கோலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, டீக்கடைத் தகரக் கூரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கோச் அன்றைக்கு எல்லார் முன்னாலும் திட்டினார். அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாக்ஸுக்குள் போவதை நிறுத்திவிட்டேன். கோட்டுப் பக்கமே நிற்பேன், பந்து வந்தால் கிராஸ் போடுவேன், கடமை முடிந்தது. அடுத்த இரண்டு சீசனில் ஒரு வாய்ப்பைக்கூட நான் வீணாக்கவில்லை. ஏனென்றால் வாய்ப்பு வருகிற இடத்துக்கே நான் போகவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. அணிக்கு என்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாங்டே போன மேட்சில் தவறவிட்டான். அடுத்த மேட்சிலும் அதே இடத்துக்கு வந்து நின்றான். அங்கேயும் தவறவிட்டான். அடுத்த மேட்சிலும் வருவான் பாருங்கள். எனக்கு அந்தப் பையனைப் பிடிப்பது இதற்காகத்தான்.

20 ஜனவரி 2021

டீக்கடைக்காரர் பந்தைத் திருப்பிக் கொடுத்தாரா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொடுத்தார். மேட்ச் முடிந்ததும் டீயும் கொடுத்தார்.

22 பிப்ரவரி 2021

சீசன் முடிந்தது. 20 மேட்ச், 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி. மொத்தம் 17 கோல். எட்டாவது இடம்.

கோல் போடாத அணி என்று எல்லாரும் சொல்கிறோம், சரிதான். ஆனால் 11 டிரா என்றால் 11 மேட்சில் ஒரே ஒரு கோல் குறைந்திருக்கிறது. கேரளாவுடன் நவம்பரில் 0-0, அதில் நம் சில்வெஸ்டரின் பெனால்டியை கேரளா கீப்பர் அல்பினோ பிடித்தாரே, அது மாதிரி. இந்த 11இல் நான்கை சாங்டே மாற்றியிருந்தால் இந்த விவாதமே இருந்திருக்காது. இதை எழுதும்போது, முதலில் கேள்வி கேட்ட நண்பரின் கோபம் எனக்கும் புரிகிறது. விங்கர் நல்லவனா என்று கேட்டால் ஆமாம் என்பேன். இந்த வருஷம் நமக்குப் போதுமானவனாக இருந்தானா என்று கேட்டால், இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஜனவரியில் நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

24 பிப்ரவரி 2021

பேச்சு நந்தகுமார் பக்கம் போய்விட்டது, அதுவும் நல்லதுதான். ஆமாம், வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் சேகரும் சாங்டேயும் டெல்லி டைனமோஸில் ஒன்றாக ஆடியவர்கள். அந்த இரண்டு விங்கர்களில் மிசோரம் பையன் சென்னைக்கு வந்தான், சென்னைப் பையன் ஒடிசாவுக்குப் போனான். நம் ஊர் விங்கர் நீலச் சட்டை போட்டு ஆடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்காக சாங்டேயை வெளியூர்க்காரன் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. 2015இலும் 2018இலும் நாம் கோப்பை தூக்கியபோது முன்னால் நின்றவன் ஜெஜே. அவனும் மிசோரம்தான். அன்றைக்கு யாரும் ஊர் கேட்கவில்லை.

மிசோரத்தின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 11 லட்சம். நம் சென்னையில் ஒரு மூலைக்கு வரும். அங்கிருந்து வருகிற ஆட்டக்காரர்களின் வரிசையைப் பார்த்தால் நாம் வெட்கப்படத்தான் வேண்டும்.

29 ஜனவரி 2022

போய்விட்டான். மும்பை சிட்டி.

இப்போது எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள். நான் இல்லை. இந்த சீசன் நம் கோச் பாண்டோவிச்சின் அணியில் அவன் ஆடியதைப் பார்த்து, நானும் ஒரு நாள் "இவனை வெளியே எடுங்கள்" என்று வீட்டில் டிவியைப் பார்த்துக் கத்தினேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். போன வருஷம் அவ்வளவு எழுதியவன் நான்.

2 பிப்ரவரி 2022

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்மிடம் அவன் பெரும்பாலும் ஆடியது இடப்பக்கம். இடதுகால்காரன், இடப்பக்கம். பழைய காலத்துப் பாடம் அது, நானும் அப்படித்தான் ஆடினேன். அதில் ஓட ஓடக் கோட்டுப் பக்கமே போய்க்கொண்டிருப்போம், கோல் முகம் சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவது இரண்டுதான். ஒன்று கிராஸ், இல்லையென்றால் கீப்பர் அடைத்துக்கொண்டு நிற்கிற பக்கத்துப் போஸ்ட்டில் அடி. அவன் வீணாக்கிய வாய்ப்புகளில் எத்தனை அந்தக் கோணத்தில் வந்தவை என்று யாராவது பழைய மேட்ச்களைப் பார்த்துச் சொல்லுங்கள். நானும் பார்க்கிறேன்.

13 நவம்பர் 2022

நேற்று பெரியமேட்டில் இருந்தேன். கொரோனாவுக்கு அப்புறம் ஸ்டாண்டில் உட்கார்வதே பண்டிகை மாதிரி இருந்தது. மும்பையுடன் மேட்ச். நம் ஸ்லிஸ்கோவிச் ஒன்று, எல் கயாத்தி ஒன்று, 2-0. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். அப்புறம் மும்பை ஆறு போட்டது. 2-6.

சாங்டே கோல் போடவில்லை. ஆனால் நான் மேட்ச் முழுக்க அவனைத்தான் பார்த்தேன். வலப்பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள்! இடப்பக்கம் பிபின் சிங், வலப்பக்கம் இவன். பந்தை வாங்கி ஒரு தட்டு உள்ளே தட்டினால் இடது கால் கோலைப் பார்த்துத் திறந்துகொள்கிறது, முழு கோலும் எதிரே தெரிகிறது. ஃபுல்பேக் உள்பக்கத்தை அடைத்தால் வெளியே ஓடுகிறான், வேகம் அப்படியே இருக்கிறது. வெளியே ஓடுவானோ என்று ஃபுல்பேக் பின்வாங்கினால் உள்ளே வருகிறான். நம் ஆட்களுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. நடுவில் கிரெக் ஸ்டூவர்ட் வேறு, காயிலின் ஜாம்ஷெட்பூரில் கலக்கிவிட்டு வந்தவர். கிரிவெல்லாரோ நம்மிடம் செய்த வேலையை அவர் அங்கே செய்கிறார்.

டியூராண்ட் கோப்பையில் 7 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கியபோதே சந்தேகம் வந்தது. நேற்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

14 நவம்பர் 2022

"பக்கத்தை மாற்றினால் எல்லாரும் நட்சத்திரமாகிவிடுவார்களா" என்று கேட்ட நண்பருக்கு: ஆகமாட்டார்கள். நம் பிரச்சினையை ஒரே காரணத்தில் அடைக்க நான் முயல்வது எனக்கே தெரிகிறது. மும்பை கோச் டெஸ் பக்கிங்ஹாமின் அணியில் பந்து வேகமாக நகர்கிறது, பெரேய்ரா தியாஸ் நடுவில் இரண்டு டிஃபெண்டர்களை இழுத்துக்கொண்டு போகிறார், விங்கருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. அதோடு பையன் தானும் ஏதோ கற்றிருக்கிறான். ஷாட் அடிக்கும் முன் ஒரு நொடி நிதானிக்கிறான். அந்த ஒரு நொடி நம்மிடம் இருந்தபோது இல்லை.

20 மார்ச் 2023

10 கோல், 6 அசிஸ்ட், ஐஎஸ்எல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து. மும்பைக்கு 20 மேட்சில் 46 புள்ளி, லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டு.

அனுப்பச் சொன்னவர்களைக் கேலி செய்து யாரோ பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம், விடுங்கள். 2021 ஜனவரியில் அந்த நண்பர் கண்ணால் பார்த்ததைத்தான் கேட்டார். 2022இல் நானும் கத்தியவன்தான்.

5 ஜூலை 2023

நேற்று இரவு பெங்களூரு. சாஃப் (தெற்காசியக் கோப்பை) ஃபைனல், இந்தியாவுக்கு எதிராக குவைத் 1-0 முன்னிலை, அரங்கம் அமைதியாகிவிட்டது. 38ஆவது நிமிடம், சஹால் குறுக்கே தள்ளினான், வந்து சேர்ந்தவன் சாங்டே. 1-1. அப்புறம் பெனால்டியில் 5-4, நம் கீப்பர் குர்பிரீத் கடைசி ஒன்றைத் தடுத்தார்.

அந்தக் கோலை நான் ஏழெட்டு முறை திரும்பப் பார்த்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை, யாரும் அடிக்கக்கூடியதுதான். சஹாலிடம் பந்து போவதற்கு முன்பே அவன் எங்கே ஓட ஆரம்பித்தான் என்பதைப் பாருங்கள். 2015இல் திருவனந்தபுரத்தில் இதே சாஃப் போட்டியில் நேபாளத்துக்கு எதிராக 18 வயதில் இரண்டு கோல் போட்டான். அன்றும் இப்படித்தான் வந்து நின்றான். போன மாதம் புவனேஸ்வரில் லெபனானுக்கு எதிரான இன்டர்கான்டினென்டல் கோப்பை ஃபைனலில் சேத்ரிக்கு ஒன்று கொடுத்து, தான் ஒன்று போட்டானே, அதுவும் இதே கதைதான்.

13 ஆகஸ்ட் 2023

சாங்டே பற்றி இல்லை, ஆனால் இங்கேதான் எழுதத் தோன்றுகிறது. நந்தகுமார்! கொல்கத்தா டெர்பியில் கோல்! ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷத்துக்கு அப்புறம் மோகன் பகானை ஜெயித்தது, போட்டவன் வியாசர்பாடிக்காரன். வலப்பக்கம் உள்ளே வந்து இடது காலால் வளைத்தான். சால்ட் லேக் அரங்கமே குலுங்கியது. டெல்லியில் அந்த இருவரையும் ஒன்றாக வைத்திருந்த நாள்களை நினைத்துப் பார்க்கிறேன்.

26 ஜனவரி 2024

ஆசியக் கோப்பை. மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. "உங்கள் சாங்டே எங்கே" என்று உடனே ஒருவர். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியா தரத்தில் ஃபுல்பேக்குகள் அவனுக்கு இடம் விடவில்லை. ஐஎஸ்எல்லில் தாண்டுகிறவனை அங்கே தாண்ட முடியவில்லை. நமக்குப் போதுமானவனா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆசியாவின் மேல்தட்டுக்குப் போதுமானவனா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது, அவனுக்கு இப்போது 26 வயது.

25 ஏப்ரல் 2024

நேற்று கோவாவில் ஐஎஸ்எல் அரையிறுதியின் முதல் மேட்ச். 89 நிமிடம் வரை மும்பை 0-2 என்று பின்தங்கியிருந்தது. 90இல் சாங்டே, அடுத்த நிமிடம் விக்ரம், 96இல் மறுபடி சாங்டே. 3-2.

தூங்கவில்லை. 90ஆவது நிமிடத்தில் கால் கனத்துப்போய், அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது, மறுபடி மறுபடி அந்த ஓட்டத்தை ஓடுவதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். என் 19 ஜனவரி 2021 பதிவை ஒரு தம்பி எடுத்துக் கீழே ஒட்டியிருக்கிறார். நன்றி தம்பி.

12 ஜூன் 2024

தோஹா. கத்தார் மண்ணில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், 37ஆவது நிமிடம் சாங்டே கோல். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் நாம் மூன்றாம் சுற்றில் இருந்தோம். அப்புறம் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து வந்து போட்ட கோலை ரெஃப்ரி கொடுத்தார், 1-2 என்று முடிந்தது. அதைப் பற்றி எழுத இன்றைக்குக் கை வரவில்லை. ஜனவரியில் நான் திறந்தே இருக்கிறது என்று எழுதிய கேள்விக்கு, அந்த 37ஆவது நிமிடம் கொஞ்சம் பதில் சொல்லியிருக்கிறது.

8 செப்டம்பர் 2024

இந்தியாவின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கான தேசிய விருது மறுபடி சாங்டேவுக்கு, தொடர்ந்து இரண்டாவது முறை. பெண்கள் பிரிவில் நம் கடலூர் இந்துமதி கதிரேசன். அவர் தமிழ்நாடு போலீஸில் இருந்துகொண்டே இந்திய நடுக்களத்தை நடத்துகிறவர். இந்துமதியைப் பற்றி இங்கே யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை, நான் உட்பட. அவர் ஆடும் மேட்ச் சென்னையில் நடந்தால் போய் உட்கார வேண்டும், யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

15 செப்டம்பர் 2024

ஞாயிறுதோறும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் இருபது பேருக்குப் பந்து போட்டுக் கொடுக்கிறேன் என்று முன்பு எங்கோ எழுதியிருந்தேன். அதில் ஒருத்தன், பதின்மூன்று வயது, இடதுகால். ஓட்டம் காற்று மாதிரி. இரண்டு மாதமாக இடப்பக்கம் நிறுத்தியிருந்தேன், பழக்க தோஷம். போன வாரம் வலப்பக்கம் மாற்றினேன். முதல் அரை மணி நேரம் பந்தை எந்தக் காலில் வாங்குவது என்றே தெரியாமல் தடுமாறினான். அப்புறம் ஒன்று உள்ளே வெட்டி அடித்தான், மேலே போய்விட்டது. இன்னொன்று, அதுவும் மேலே. அவன் அப்பா வெளியே நின்று, "கொடுத்துத் தொலைடா பக்கத்துல இருக்கிறவனுக்கு" என்று கத்தினார். பையன் என்னைப் பார்த்தான். மறுபடி அங்கேயே போய் நில் என்று கை காட்டினேன்.

இன்றைக்கு ஐந்து வாய்ப்பு, ஒன்று உள்ளே. கோலுக்குப் பின்னால் வலை இல்லை, பந்து ரயில்வே சுவரைத் தாண்டிப் போனால் சுற்றிப் போய் எடுத்து வரப் பத்து நிமிடம் ஆகிறது. பழைய வலை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.